சத்தம் மட்டும் பெய்த பள்ளிக்கூடம்

கோரைமுனைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷமும் ஒரு மாதமும் மழை பெய்யவில்லை. ஊரில் பெய்தது, ஊரைச் சுற்றியிருந்த உப்பளங்களில் பெய்தது, மாதா கோயில் ஓடு ஒழுகிப் பீடத்துக்கு முன்னால் வாளி வைக்கும் அளவுக்குப் பெய்தது, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம் பாசி பிடித்துப் பச்சையாகும்வரை பெய்தது. சுவரின் உள்பக்கம் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. இதை இப்போது யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. நம்பாதவர்களோடு நான் சண்டைக்குப் போவதும் இல்லை, ஏனென்றால் நம்பாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிடும் என்று எனக்குத் தெரியும். அந்த மழையை நிறுத்தியது நாங்கள்தான், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்துமூன்று பேர், அந்த முப்பத்துமூன்றில் முதல் குரல் என்னுடையது.

முப்பத்துநான்காவது ஆள் செசிலி. செசிலி பொய் சொல்லுவாள். மற்ற பிள்ளைகள் அடிக்குப் பயந்து பொய் சொல்லுவோம், மிட்டாய்க்கு ஆசைப்பட்டுச் சொல்லுவோம். அவள் அதற்கெல்லாம் சொல்லமாட்டாள், வாயைத் திறந்தால் வரும், அவ்வளவுதான். வீட்டுப்பாட நோட்டைக் கடலாமை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பாள். அவள் சித்தப்பா கப்பலில் திமிங்கிலத்துக்குப் பல் விளக்கிவிடும் வேலையில் இருக்கிறார் என்பாள். நேற்று ராத்திரி எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு கொக்கு வந்து மீன் குழம்பு கேட்டது, அம்மா இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டாள் என்பாள். கண்ணைப் பார்த்துத்தான் சொல்லுவாள், ஒரு தடவை சொன்ன பொய்யை மறுதடவை சொல்லமாட்டாள், அதில் அவளுக்கு ஒரு கௌரவம் இருந்தது.

எங்கள் மனோன்மணி டீச்சர் அடிக்கிற டீச்சர் இல்லை. மானாமதுரைப் பக்கத்துக்காரர், டவுனில் வீடு எடுத்துத் தங்கி, தினமும் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போகிறவர். செசிலியை வகுப்புக்கு வெளியே நிறுத்திப் பார்த்தார். அவள் வெளியே நின்றபடி போகிறவர் வருகிறவர்களிடம் எல்லாம் டீச்சர் தன்னைக் காவலுக்குப் போட்டிருப்பதாகச் சொன்னாள். 'பொய் சொல்லமாட்டேன்' என்று நூறு தடவை எழுதிவரச் சொன்னார். அதில் பாதி வேறொருத்தி கையெழுத்தில் இருந்தது, கேட்டால் இடது கையால் எழுதினேன் என்றாள். கடைசியில் அவள் அம்மாவை வரவழைத்தார். அந்த அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "எம்மக வீட்டுல ஒரு பொய் பேசமாட்டா டீச்சர், கர்த்தருக்குப் பொதுவா சொல்லுறேன்" என்றார். செசிலியின் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது டீச்சருக்கு அப்போது விளங்கியிருக்கும்.

இதெல்லாம் பொறுத்துக்கொண்ட டீச்சர் ஒரே ஒரு பொய்யைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு திங்கட்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, தண்ணீர் குடிக்கப் போன செசிலி திரும்பி ஓடிவந்து வாசலில் நின்றாள். "டீச்சர், உங்க அம்மா வந்திருக்காக. பஸ் நிக்கிற எடத்துல நிக்கிறாக. கையில மஞ்சப்பை வச்சிருக்காக." டீச்சர் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர், அவருடைய அம்மா ஆறு வருஷமாக அவரோடு பேசுவதில்லை, இது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. டீச்சர் சாக்பீஸைக் கீழே போட்டார். பஸ் நிற்கும் உப்பளத்து முக்குவரை ஒரு மைல் தூரம், உச்சி வெயிலில், அறுந்த செருப்பைக்கூடக் கையில் எடுக்காமல் ஓடினார் என்று பிறகு சொன்னார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பாதத்தில் உப்புப் பூத்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"ஏண்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டார், சத்தமே இல்லாமல்.

"நீங்க தெனமும் பஸ்ஸையே பாத்துக்கிட்டு நிக்கிறியள்ல டீச்சர்" என்றாள் செசிலி.

அது எத்தனை பெரிய பதில் என்று புரிந்துகொள்ளும் நிலையில் டீச்சர் அன்றைக்கு இல்லை. புரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எதையும் கூட்டமாகத்தான் சொல்லுவோம். வாய்ப்பாடு, செய்யுள், மாவட்டங்களின் பெயர், எல்லாவற்றையும் ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் ஓங்கிச் சொல்லுவார்கள். அந்த ஒருத்தி நான், பிலோமி, வகுப்புத் தலைவி. அதற்கு மேல் நாங்கள் கோயில் பிள்ளைகள். ஞாயிறுதோறும் பிரார்த்தனை மாலை படிக்கும்போது சாமியார் ஒரு புனிதரின் பெயரைச் சொல்ல, அர்த்தம் தெரிகிறதோ இல்லையோ, ஊரே ஒரே வாயாக மறுமொழி சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சொல்லைச் சொன்னால் ஓடு அதிரும். மானாமதுரைக்கார டீச்சருக்கு அந்தப் பலம் தெரியவில்லை.

"இந்த வாரம் முழுக்க," என்றார் டீச்சர், "செசிலி எது சொன்னாலும் வகுப்பு மொத்தமும் 'பொய்'னு சொல்லணும். ஒருத்தர் விடாம. பிலோமி, நீ எடுத்துக்குடு."

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஏன் மறைக்க வேண்டும், எனக்குச் செசிலியைப் பிடிக்கும், அவள் பக்கத்தில்தான் உட்காருவேன், ஆனால் அவள் வாயைத் திறந்தால் எல்லோரும் அவளையே பார்ப்பார்கள், நான் வாய்ப்பாடு சொன்னால் யாரும் என்னைப் பார்க்கமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அவள் சிரித்துக்கொண்டேதான் வந்தாள். கொக்கு திரும்பவும் வந்தது என்றாள், பொய் என்றோம். சித்தப்பா திமிங்கிலத்தின் கடைவாய்ப் பல்லை அனுப்பியிருக்கிறார் என்றாள், பொய் என்றோம். விளையாட்டு நன்றாகத்தான் இருந்தது. புதன்கிழமை வருகைப் பதிவில் "உள்ளேன் டீச்சர்" என்றாள், பொய் என்றோம். பென்சில் ஒடிந்துபோனது, பொய். வயிறு வலிக்கிறது, பொய். அவள் முகம் மாறியது அப்போதுதான். அதன் பிறகு அவள் பொய்யே சொல்லவில்லை, சின்னச் சின்ன உண்மைகளாகப் பொறுக்கி எடுத்துச் சொல்லிப் பார்த்தாள், ஒன்றாவது எங்களைத் தாண்டிப் போகாதா என்று. சுவரில் பல்லி இருக்கிறது என்றாள், பொய் என்றோம். பல்லி அங்கேயேதான் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், மூன்றாவது மணி அடித்த பிறகு, வானம் கறுத்து வந்தது. நானும் செசிலியும் ஜன்னலோரம். நான் மரச்சட்டங்களுக்கு நடுவே வலது கையை வெளியே நீட்டி வைத்திருந்தேன். புறங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே, குளிர்ச்சியாக ஒரு சொட்டு விழுந்தது. அதே நேரம் செசிலி எழுந்து நின்றாள்.

"டீச்சர், மழ வருது."

மற்ற முப்பத்திரண்டு பேரும் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் கையில் அது உருண்டுகொண்டிருந்தது. செசிலி என்னைப் பார்த்தாள், அந்தச் சொட்டையும் பார்த்தாள். நான் கையை உள்ளே இழுத்துப் பாவாடையில் துடைத்துவிட்டு, "பொய்" என்று எடுத்துக்கொடுத்தேன். வகுப்பு முழுக்க அதை வாங்கி ஓடு அதிரச் சொன்னது.

மழை சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்றால், வெளியே அது கொட்டு கொட்டென்று கொட்டியது, உள்ளே வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது. ஓட்டின்மேல் படபடவென்று விழுந்து, தாழ்வாரத்தில் வழிந்து, வேப்பமரத்து இலைகளில் சலசலத்து, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உரிய மழையின் முழுச் சத்தமும், ஒரு துளி ஈரம் இல்லாமல் எங்கள்மேல் பெய்தது. மாலையில் மணியடித்ததும் கேட்டைத் தாண்டிய ஒவ்வொரு பிள்ளையும் ஒரே எட்டில் தொப்பலாக நனைந்தது.

முதல் நாள் ஊர் வந்து பார்த்தது. இரண்டாம் நாளும் வந்து பார்த்தது. சாமியார் வந்து கேட்டுக்கு நடுவில் நின்றார், இடது தோள் நனைந்தது, வலது தோள் காய்ந்திருந்தது. அந்த ஞாயிறு பிரசங்கத்தில் அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை, மூன்றாவது வாரம் பீடத்துத் துணிகளைப் பள்ளிக்கூடத்தில் காயப்போட ஆள் அனுப்பினார். தலைமையாசிரியர் இருதயராஜ் சார் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். உதவிக் கல்வி அலுவலர் வந்தார், சத்தத்தைக் கேட்டுக் குடையை விரித்தார், பிறகு மடக்கினார், பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று விரித்தே பிடித்துக்கொண்டு வகுப்புகளைச் சுற்றிவந்து, பார்வையாளர் ஏட்டில் 'கூரை நன்றாக உள்ளது, ஒழுகவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் கருவாடு வந்தது. மழைக்காலம் முழுக்கக் காயவைக்க இடமில்லாமல் நெத்திலியையும் காரலையும் புழு அரிக்கவிட்டுக் கடலிலேயே கொட்டுகிற ஊர் எங்களுடையது. சந்தியாயி அக்கா என்று ஒருவர், ஊர்க் கருவாட்டுக்காரப் பெண்களுக்கெல்லாம் அவர் சொன்னதுதான் சட்டம், அவர் முதலில் ஒரு பாயைக் கொண்டுவந்து கொடிக்கம்பத்தடியில் விரித்தார். மறுநாள் பத்துப் பாய். ஒரு வாரத்தில் பிரார்த்தனைக்கு நிற்க எங்களுக்கு இடமில்லை, வாளை மீன் வரிசைகளுக்கு நடுவில் ஒற்றைக்காலில் நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினோம். முதலில் சத்தம் கேட்டதும் பெண்கள் பதறி ஓடிவந்து பாயைச் சுருட்டுவார்கள், சுருட்டிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பத்து நாளில் அதுவும் போய்விட்டது, எவ்வளவு கொட்டினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஏனென்றால் சத்தம் நிற்கவே இல்லை. கார்த்திகை போய், தை போய், சித்திரை வெயில் மணலை வறுக்கும்போதும் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் மழை இரைந்துகொண்டே இருந்தது. வெளியில் அனல், உள்ளே ஐப்பசி. டீச்சர்கள் கத்திப் பேசித் தொண்டை கட்டிப்போனார்கள். பிள்ளைகள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததும் காய்ந்த தலையைத் தாங்களாகவே துடைத்துக்கொண்டோம். கைக்குழந்தைக்காரிகள் தூங்காத குழந்தைகளைத் தாழ்வாரத்தில் கொண்டுவந்து போட்டார்கள், அந்தச் சத்தத்தில் அவை அடித்துப்போட்டதுபோலத் தூங்கின. ஆனால் கிணறு வற்றியது. வேப்பமரம் முதலில் இலையை உதிர்த்தது, பிறகு சுள்ளிகளை உதிர்த்தது. சத்தத்தின் நடுவில் அந்த மொட்டை மரம் நிற்பதைப் பார்க்கும்போது சின்னப் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள்.

கடலுக்கு ஆளைக் கொடுத்த வீட்டுப் பெண்கள் மட்டும் உள்ளே வரமாட்டார்கள். கனமழை இரைச்சலில் யாரோ நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோலக் கேட்குமே, அது அவர்களுக்கு இங்கே ஓயாமல் கேட்டது. சந்தியாயி அக்காவுக்கும் கேட்டது. அவருடைய மூத்த மகன் ஆரோக்கியம் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சுழல்காற்றில் போனவன், வள்ளத்தின் ஒரு பலகைதான் கரைக்கு வந்தது. மற்றவர்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து வெளியே நின்றார்கள், சந்தியாயி அக்கா அதற்காகவே உள்ளே வந்தார். கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சில நேரம் நிமிர்ந்து, "வாரேண்டா, இரு" என்று காற்றைப் பார்த்துச் சொல்லுவார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செசிலியை ஊர் விட்டுவைக்குமா? ஒருத்தி அவளைப் பிடித்து, தன் புருஷன் குடிக்கிறான் என்று வகுப்பில் சொல்லச் சொன்னாள், நாங்கள் பொய் என்று சொன்னால் அவன் நிறுத்திவிடுவான் என்று. இன்னொருத்தி தன் மாமியாருக்கு மூட்டுவலி என்று சொல்லச் சொன்னாள். செசிலிதான் வாயைத் திறக்கவில்லையே, அவளுக்குப் பதிலாக வேறொரு பிள்ளையைச் சொல்லவைத்து எங்களைக் கத்தச் சொல்லிப் பார்த்தார்கள். அவன் குடித்தான், மாமியாருக்கு வலித்தது. அந்தச் சக்தி எங்கள் வாயில் இருந்ததா, அவள் வாயில் இருந்ததா என்று ஊர் வெகுநாள் பேசியது. எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. பல்லியை நாங்கள் பார்க்காமல் பொய் என்று சொன்னோம், அதனால் பல்லி பிழைத்தது. மழையை நான் தெரிந்தே சொன்னேன்.

ஆமாம், அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு செசிலி பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. வருகைப் பதிவுக்குக் கையைத் தூக்குவாள். பாடம் வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை விரித்துக்கொண்டு நிற்பாள். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், என்னைப் பார்க்கமாட்டாள். டீச்சர் வெள்ளிக்கிழமையே தண்டனையை எடுத்துவிட்டார், கொஞ்சிப் பார்த்தார், தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார், ஒரு நாள் வகுப்பின் முன்னாலேயே, "நான் செஞ்சது தப்புதாம்மா" என்று சொல்லி அழுதார். செசிலி மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

நாங்கள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தோம், எங்களோடு டீச்சரும் வந்தார். அந்த ஐப்பசியும் சத்தத்தோடு போனது. கார்த்திகையில் செசிலியின் அம்மா வந்து, இந்த வருஷத்தோடு அவளை நிறுத்தப்போவதாகச் சொன்னார். "பேசாத புள்ளைய ஆறாப்புக்கு அனுப்பி என்னத்துக்கு டீச்சர். பெரிய பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீக கேள்வி கேட்டுத்தான எடுப்பாக. இறால் கம்பெனியில உரிக்கப் போகட்டும், அங்கன வாய் தேவையில்ல." இந்தத் தடவை அவர் பொய் சொல்லவில்லை.

டீச்சர் அன்று மாலை பஸ்ஸை விட்டுவிட்டார். தாழ்வாரத்தில் எங்களை உட்காரவைத்துச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார்: "நாளைக்குச் செசிலிகிட்ட அன்னைக்குச் சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்லப்போறேன். அவ சொன்னதும் நீங்க எல்லாரும் 'உண்மை'னு சொல்லணும். அன்னைக்குப் பொய்னு சொன்ன அதே சத்தத்துல. அப்பத்தான் அவ பேசுவா." எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் பாயைப் புரட்டிக்கொண்டிருந்த சந்தியாயி அக்காவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிரவு ஒரு வீடு பாக்கியில்லாமல் ஏறி இறங்கினாராம். எங்கள் வீட்டுக்கும் வந்தார். "ஒலகத்துக்கே மழ பெய்யுது, இந்த ஒரு எடம் நமக்குக் காஞ்சு கெடக்கட்டுமே. இருக்கிற நெத்திலி பூராம் அங்கனதான் கெடக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். போகும்போது என் பக்கம் குனிந்து, வேறு குரலில் சொன்னார்: "மழ வந்தா சத்தம் நின்னுருமே தாயி. எம்மவன் அதுக்குள்ளதான இருக்கான்."

அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அவ எதச் சொன்னாலும் பொய்னு சொல்லிரு. ஒனக்குப் பழக்கந்தான்."

மறுநாள் பள்ளிக்கூடத்து மைதானம் முழுக்கக் கருவாடு. அவ்வளவு மீனை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் பெண்கள் நின்றார்கள். உள்ளே முப்பத்துமூன்று பிள்ளைகளும் அம்மாக்களைப் பார்ப்பதும் டீச்சரைப் பார்ப்பதுமாக இருந்தோம். சுவருக்கு வெளியே காலையிலிருந்து நல்ல மழை. உள்ளே எப்போதும்போல அதன் சத்தம்.

"செசிலி," என்றார் டீச்சர், "அன்னைக்குச் சொன்னியே, அதச் சொல்லும்மா. பயப்படாத."

செசிலி எழுந்தாள். ஜன்னலோரம் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் பொய்க்காரி, ஒரு முகத்தில் என்ன ஒளிந்திருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது எனக்கும் தெரிந்தது. டீச்சர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியாகச் செசிலி என் பக்கம் திரும்பினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னை நேராகப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். குரல் தடித்து, யாரோ ஒரு பெரிய பொம்பிளையின் குரல்போல வந்தது.

"டீச்சர், மழ வரல."

டீச்சரின் முகம் தொங்கிப்போனது. ஆனால் எனக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வாழ்நாளில் நான் எடுத்துக்கொடுத்த குரல்களில் அதைவிடப் பெரியது இல்லை. "பொய்" என்றேன். அம்மாக்கள் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு பிள்ளை விடாமல், வகுப்பே அதை வாங்கிச் சொன்னது. ஜன்னலில் நின்ற பெண்களும் பழக்கதோஷத்தில் சேர்ந்து சொன்னார்கள்.

ஓட்டின்மேல் இருந்த சத்தம் நின்றது.

அந்த நிசப்தத்தில் எங்கள் காது வலித்தது. அப்புறம் மழை வந்தது, ஒரு வருஷத்து மழை, ஐப்பசியும் கார்த்திகையும் இன்னொரு ஐப்பசியும் சேர்ந்த மழை, சத்தமே இல்லாமல். அதன் சத்தமெல்லாம் ஏற்கெனவே பெய்து தீர்ந்துபோயிருந்தது. ஓட்டில் விழுந்தது, கேட்கவில்லை. மொட்டை மரத்தில் அடித்தது, கேட்கவில்லை. தாழ்வாரத்தில் தண்ணீர் ஆறாக ஓடியது, ஊமையாக. நெத்திலிக் கருவாடு பாயோடு மிதந்து கேட்டைத் தாண்டிக் கடலைப் பார்த்துப் போனது, பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள்.

சந்தியாயி அக்கா மட்டும் ஓடவில்லை. மைதானத்து நடுவில், முழங்கால் தண்ணீரில், தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு எங்கள் ஜன்னலுக்கு வந்து செசிலியைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம்.

"ஒண்ணுமே கேக்கலியே புள்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதன் பிறகு அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவில்லை.

மறுநாள் வருகைப் பதிவுக்குச் செசிலி "உள்ளேன் டீச்சர்" என்றாள். உட்காரப் போனவள் திரும்ப நிமிர்ந்து, "டீச்சர், நேத்து மழையில எங்க வீட்டுக்குள்ள ஆம வந்து முட்ட போட்டுருச்சு" என்றாள்.

டீச்சர் பதிவேட்டை மூடினார். பேனாவையும் மூடினார். "எத்தனை முட்டை?" என்று கேட்டார்.

செசிலி யோசித்தாள். "நூத்திப் பன்னெண்டு."

"எண்ணினது யாரு?"

"அம்மா பாதி, நான் பாதி."

"அப்ப ஒரு ஆளு எத்தனை எண்ணியிருப்பீங்க?"

செசிலி விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டு, "அம்பத்தாறு" என்றாள்.

"சரி, ஒக்காரு" என்றார் டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார். சித்திரையில் கன்னியாஸ்திரீகள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் செசிலி பதில் சொன்னாள், கேட்காததற்கும் சொன்னாள், பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அவள் இறால் உரிக்கப் போகவில்லை.

எனக்கு மட்டும் ஒரு வேலை பாக்கியிருந்தது. ஐந்தாம் வகுப்பின் கடைசி நாள், வேப்பமரம் அப்போது மறுபடி துளிர்விட்டிருந்தது, அதன் கீழே அவளைப் பிடித்து நிறுத்தினேன். ஒன்றரை வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "அன்னைக்கு எங்கையில ஒரு சொட்டு விழுந்துச்சுடி. நெசமாவே மழ வந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பொய்னு சொன்னேன்."

செசிலி என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் சுண்டுவிரலுக்குக் கீழே அந்த இடத்தை ஒருமுறை தடவினாள். கோபமாக இருந்ததாகச் சொல்லமுடியாது, சிரித்ததாகவும் சொல்லமுடியாது.

"பொய்" என்றாள். தனியாகத்தான் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள். கையை விட்டுவிட்டுக் கேட்டைப் பார்த்து நடந்தாள்.

இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. குளித்தால் நனைகிறது, பாத்திரம் கழுவினால் நனைகிறது, மழையில் மட்டும் என் வலது புறங்கையில் புளியங்கொட்டை அளவு ஓர் இடம் நனைவதில்லை. சுற்றிலும் தண்ணீர் வழியும், அந்த இடம் காய்ந்தே இருக்கும். எப்போதாவது பஸ் நிறுத்தத்திலோ மாடிப்படியிலோ யாராவது கவனித்துவிட்டு, அங்கே மட்டும் ஏன் நனையவில்லை என்று கேட்பார்கள். சமையல் எண்ணெய் பட்டிருக்கும் என்பேன். எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.